சுவிட்ச் இல்லாத கேமரா

என் கையில இருக்கிறது பென்டாக்ஸ் கே1000. இதை உங்ககிட்ட கொடுத்து ஆன் பண்ணச் சொன்னா, தேடிக்கிட்டே இருப்பீங்க. ஆன், ஆஃப் சுவிட்சே இதுல கிடையாது. லென்ஸ் மூடிதான் சுவிட்ச்! மூடியை எடுத்தா உள்ளே ஒளியை அளக்கிற மீட்டருக்கு வெளிச்சம் கிடைச்சு முள் எழும்பும். மூடினா படுத்துடும். மூடாம வச்சா பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா தீரும்.

1976ல ஜப்பான்ல வந்த மாடல் இது. 1997 வரைக்கும் தயாரிச்சாங்க, 30 லட்சத்துக்கு மேல வித்துச்சு. அந்த 21 வருஷத்துல ஆட்டோஃபோகஸ் வந்துருச்சு, ஃபிலிமைத் தானே சுத்துற மோட்டார் வந்துருச்சு. இதுல அது எதுவும் ஏறல. செல்ஃப் டைமர்கூட இல்ல. அதனாலதான் போட்டோகிராபி கத்துக்கொடுக்கிற வாத்தியார்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுது.

வேலை செய்ற விதத்தைப் பாருங்க. வ்யூஃபைண்டர்ல கண்ணை வச்சா வலது ஓரத்துல ஒரு முள் தெரியும். மேல போனா வெளிச்சம் அதிகம், கீழ போனா குறைவு. லென்ஸ்ல இருக்கிற அப்பர்ச்சர் வளையத்தையோ மேல இருக்கிற ஷட்டர் டயலையோ திருகி, அதை நடுவுக்குக் கொண்டு வரணும். அவ்வளவுதான். ஆனா இதையே நூறு ரோல் செஞ்ச பிறகு என்ன ஆகும் தெரியுமா? முள்ளைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே விரல் திருகிடும். வேப்பமரத்து நிழல்னா இவ்வளவு, மொட்டைமாடி வெயில்னா இவ்வளவுன்னு கைக்கே தெரியும். கேமராவை ரசிக்கிறதுன்னு நான் சொல்றது இதைத்தான். லென்ஸ் எவ்வளவு ஷார்ப்புங்கிற சண்டையெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம்.

இந்தக் கேமரா என் சித்தப்பா துபாய்ல இருந்து கொண்டு வந்தது. அதை வச்சு நான் வாங்கின முதல் அடியும் சொல்லணும். அக்கா கல்யாணத்துல ஓடி ஓடி எடுத்தேன். 36 படம் தாண்டியும் ஃபிலிமை நகர்த்துற லீவர் சுகமா சுத்துது! அப்பதான் வயித்துல புளியைக் கரைச்சுது. திறந்து பார்த்தா, ஃபிலிம் நுனி வலது பக்கத்து உருளையில மாட்டவே இல்ல. தாலி கட்டினது ஒண்ணுகூடப் பதியல. அக்கா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா. அதனால ஃபிலிம் போட்டு மூடினதும், இடது பக்கத்துக் குமிழை லேசா முறுக்கித் தளர்வை எடுங்க. அப்புறம் லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழும் கூடவே சுத்துதான்னு பாருங்க. சுத்தலைன்னா ஃபிலிம் நகரலை.

பேட்டரி செத்துட்டா? மீட்டர் மட்டும்தான் போகும். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்ல ஓடுறது, அது பாட்டுக்கு அடிக்கும். நல்ல வெயில்ல அப்பர்ச்சர் 16 வைங்க. 100 ஐஎஸ்ஓ ஃபிலிம்னா ஷட்டர் 125, 400னா 500. பல வருஷமா போட்டோகிராபர்கள் கைக்கணக்கா வச்சிருக்கிறது இதுதான், என்னை ஏமாத்தினதில்ல.

உங்க வீட்டு பீரோவுலயும் இந்த மாதிரி ஒண்ணு தூங்கிட்டிருக்கலாம். முதல்ல ஒரு காசை வச்சு அடியில இருக்கிற பேட்டரி மூடியைத் திருகிப் பாருங்க. பழைய பேட்டரி கசிஞ்சு பச்சையாப் பூத்திருந்தா, அதை எடுத்துட்டுத் துடைக்காம ஃபிலிம் வாங்கப் போயிடாதீங்க.