காலியாகக் கிடக்கும் அணை

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில், சில மனைப்பிரிவு வரைபடங்களில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. பார்க்கர் அணையில் தண்ணீர் தேக்கப்பட்டால் இந்த மனைகள் நெடுநேரம் மூழ்கக்கூடும் என்பது அதன் சாரம். பத்திரம் முடிக்கிற அவசரத்தில் அதை யார் படிப்பார்கள்? அணையின் உள்வாயில் குடியிருக்கிறோம் என்பதே பலருக்கு 2017 ஆகஸ்டில்தான் தெரிந்தது.

1929, 1935 ஆண்டுகளின் வெள்ளம் ஹூஸ்டனைச் சூறையாடிய பிறகு, ராணுவப் பொறியாளர் படை நகருக்கு மேற்கே இரண்டு மண் அணைகளை எழுப்பியது. பார்க்கர் 1945-லும் ஆடிக்ஸ் 1948-லும் முடிந்தன. ஒவ்வொன்றின் கரையும் ஏறத்தாழ 20 கி.மீ. நீளம். பாசனத்துக்கோ குடிநீருக்கோ இவற்றில் தண்ணீர் சேர்ப்பதில்லை. பெருமழையில் நிரம்பி, வெள்ளம் வடிந்ததும் வெறும் தரையாகிவிடும். உள்ளே பூங்காவும் விளையாட்டுத் திடலும்தான். நீர் பரவக்கூடிய நிலம் முழுவதையும் அரசு அன்று வாங்கவில்லை. விடுபட்ட விளிம்பில் வீடுகள் முளைத்தன.

அணை உடைய எவ்வளவு வாய்ப்பு, உடைந்தால் எத்தனை உயிர் போகும் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பொறியாளர்கள் ஆபத்தைக் கணிக்கிறார்கள். இங்கே மதகுக் குழாய்களை ஒட்டி நீர் கசிந்து மண்ணை அரிக்கும் அபாயம் இருந்தது. கரைக்குக் கீழே பெருநகரம். அதனால்தான் 2009-இல் இவ்விரண்டும் நாட்டின் மிக ஆபத்தான அணைகள் வரிசையில் வைக்கப்பட்டன.

2017-இல் ஹார்வி புயல் வந்தது. மதகைத் திறந்தால் பஃபலோ பாயூ ஆற்றங்கரை வீடுகள் மூழ்கும். மூடியே வைத்தால் உள்வாயில் நீர் ஏறி, கரையின் ஓரங்களைச் சுற்றி வழியும். ஆகஸ்ட் 28 விடியுமுன், மழை ஓயாத நிலையிலேயே, மதகுகள் திறக்கப்பட்டன. கரை நின்றது. ஆனால் மேலும் கீழுமாக ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. உள்வாய் வீடுகள் மூழ்கியதற்கு அரசே பொறுப்பு என்று 2019-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரு அணைகளுக்கும் இப்போது புதிய மதகுகள் வந்துவிட்டன. கசிவை அடைக்கப் பொறியியலில் வழி உண்டு. உள்வாயில் எழுந்த ஊரை எந்த மதகும் காப்பாற்றாது. கரையைக் கண்காணிப்பது போலவே, தண்ணீருக்கான இடத்தையும் அரசு காக்க வேண்டும். ஏற்கெனவே குடியேறியவர்களிடம் உண்மையைச் சொல்லி, வெளியேறும் வழியையும் காட்டியாக வேண்டும். முதல் வேலையாக, அந்தப் பொடி எழுத்துக் குறிப்பு பத்திரத்தின் முதல் பக்கத்துக்கு, பெரிய எழுத்தில் வரட்டும்.