கண்ணைக் கசக்கும் கோடை

பங்குனி பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மதுரையில் அக்கா வீட்டில் இருந்தேன். அவளுடைய ஒன்பது வயது மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டிருந்தான். கையை முட்டியாக மடக்கி, சப்பாத்தி மாவை அழுத்துகிற மாதிரி ஒரு கசக்கல். "டேய், கையை எடுடா" என்று அதட்டிக்கொண்டே அக்கா ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவுத் தட்டில், இஞ்சி பூண்டு விழுதுக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சொட்டு மருந்துக் குப்பி. போன கோடையில் வாங்கியது. கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டாள். கொஞ்ச நேரத்தில் அரிப்பு அடங்கி, பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான்.

"பாத்தியா, மருந்து எப்படிக் கேக்குது!" என்றாள் அக்கா.

அப்படி உடனே கேட்டதுதான் எனக்கு உறுத்தியது. குப்பியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து, அழிந்துபோன எழுத்தைக் கூட்டிப் படித்தேன். தெக்சமெத்தசோன். ஸ்டீராய்டு.

வசந்தம் தரும் அரிப்பு

பையனுக்கு வந்திருந்தது கண் ஒவ்வாமை. வசந்த காலத்தில் தலைகாட்டுவதால் 'ஸ்பிரிங் கேட்டார்' என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். நம்மைப்போல் வெயில் நிறைந்த, தூசு பறக்கிற ஊர்களில் இது அதிகம். பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்பே தொடங்கும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும். வளர்ந்து பெரியவனாகும்போது பலருக்குத் தானாகவே விட்டுவிடும். அதுவரை ஒவ்வொரு கோடையும் ஒரு சோதனைதான். சிலருக்கு வருடம் முழுக்க விடாது.

மறுநாள் கண் மருத்துவரிடம் போனபோது, அவர் பையனின் மேல் இமையைச் சட்டென்று திருப்பிக் காட்டினார். வழவழப்பாக இருக்க வேண்டிய உள்பக்கம், கூழாங்கல் பதித்த தரைபோல் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அந்த மேடுகள் கருவிழியின் மேல் உராய்கின்றன. பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவதற்கும், காலையில் கண்ணில் நூல் நூலாக வெள்ளைப் பீளை வருவதற்கும் காரணம் இதுதான். ஒன்று மட்டும் நிம்மதி: இது ஒட்டுகிற நோய் இல்லை. "கண்ணு செவந்திருக்கு" என்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பத் தேவையில்லை.

"எத்தனை நாளா இந்தச் சொட்டு போடறீங்க?" என்று கேட்டார்.

"அரிக்கும்போது மட்டும்தான் டாக்டர்."

"எத்தனை கோடையா அரிக்குது?"

அக்கா பதில் சொல்லவில்லை.

ஸ்டீராய்டு சொட்டு கெட்ட மருந்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நோய் முற்றிய நிலையில் மருத்துவரே அதைத்தான் எழுதிக் கொடுப்பார். ஆனால் இத்தனை நாள், இத்தனை வேளை என்று அளந்து கொடுப்பார், நடுவில் கண் அழுத்தத்தையும் பார்ப்பார். அந்தக் கணக்கு இல்லாமல் போட்டுக்கொண்டே இருந்தால், சிலருக்குச் சில வாரங்களிலேயே கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வலிக்காது. கண் சிவக்கவும் சிவக்காது. உள்ளே பார்வை நரம்பு இழை இழையாகக் கருகிக்கொண்டிருக்கும். போன நரம்பை எந்த அறுவை சிகிச்சையாலும் மீட்க முடியாது. பள்ளிப் பிள்ளைக்குக் கண்புரை வருவதும் உண்டு. நல்ல வேளையாக எங்கள் வீட்டுப் பையனுக்கு அழுத்தம் சற்றுதான் ஏறியிருந்தது; நரம்பு தப்பியிருந்தது.

கசக்கலும் விளையாட்டு இல்லை. வருடக்கணக்கில் அழுத்திக் கசக்குகிற கண்ணில் கருவிழி மெலிந்து, கூம்புபோல் முன்னே பிதுங்கலாம். பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. அரிப்பெடுத்த பிள்ளையிடம் "கசக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டால் அவன் கை என்னதான் செய்யும்? கைக்கு ஒரு மாற்று வேலை வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதி அரிப்பு அதிலேயே இறங்கும். வெளியே போய் வந்ததும் முகம் கழுவுவது, மொட்டை மாடியில் தூசு படக் காய்ந்த தலையணை உறையை உதறிப் போடுவது, ஒவ்வாமைக்கென்று மருத்துவர் எழுதித் தந்த சொட்டை நாள் தவறாமல் விடுவது, இவை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மெட்ராஸ் ஐ யாரைப் பார்த்தால் வரும்?

யாரைப் பார்த்தாலும் வராது. 1819-லேயே கண் மருத்துவமனை கண்ட சென்னையின் பழைய பெயரைத் தாங்கி நிற்கும் இந்த நோய் பார்வையால் பரவுவதில்லை, கையால் பரவுகிறது. பெரும்பாலும் அடினோ வகை வைரஸ்தான் காரணம். நோயாளி கண்ணைத் துடைத்த கையால் கதவுப் பிடியையோ செல்போனையோ தொடுகிறார். அதை நாம் தொட்டு, அதே கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறோம். கறுப்புக் கண்ணாடி அவருடைய கூச்சத்துக்குத்தான், நமக்குக் காப்பு இல்லை. அவருக்கென்று தனித் துண்டு, தனித் தலையணை, வீட்டில் எல்லோருக்கும் அடிக்கடி சோப்புக் கைகழுவல், இவ்வளவே வைத்தியம். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். வலி கடுமையானாலோ பார்வை மங்கினாலோ காத்திருக்கக் கூடாது. ஒருவரின் சொட்டு மருந்தை வீட்டில் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொள்வது, நோயைப் பந்தி வைத்துப் பரிமாறுவதற்குச் சமம்.

எந்தக் கண் நோயானாலும், தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் என்று பாட்டி வைத்தியமாகக் கண்ணுக்குள் எதையும் விட வேண்டாம்; கண்கட்டிக்கும்தான். சூட்டுக் கட்டி என்று நாம் சொல்லும் கண்கட்டி, இமையோர எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக் கிருமி சேர்வதால் வருவது. பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர்த் துணியால் பத்து நிமிடம் ஒத்தடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுங்கள். பிதுக்காதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால், பெரியவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

சூரியன் தலைக்கு மேலே

வெயிலிலிருந்து கண்ணைக் காக்க, அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித்தானே தொடங்குகிறது என்று காத்திருக்க வேண்டாம். சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து நம் நிழலைக் காலடியில் ஒளிக்கும் நாள், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும் சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் வந்துவிடும். புற ஊதாக் கதிர்களின் அளவுகோலில் 11-ம் அதற்கு மேலும் 'மிகக் கடுமை' என்கிறது உலக சுகாதார அமைப்பு. நம் ஊரின் சித்திரை நண்பகல் அதை எளிதாகத் தாண்டும். கதிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை; கடற்கரையின் உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் முகத்துக்குத் திருப்பி வீசும். வயலிலும் கடலிலும் வெயிலோடு வேலை செய்பவர்களின் வெள்ளைவிழியிலிருந்து கருவிழிக்கு இறக்கை விரித்தாற்போல் சதை வளர்வதற்கு இந்தக் கதிர்கள் முக்கியக் காரணம்.

அகல விளிம்புத் தொப்பியும் குடையும் முதல் காவல். கறுப்புக் கண்ணாடி வாங்கினால் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இருட்டில் பாவை விரிவதுபோல் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலும் விரியும். அந்தக் கண்ணாடியில் புற ஊதாத் தடுப்பு இல்லையென்றால், திறந்த கதவு வழியே கதிர் உள்ளே போகும். 'யுவி 400' என்று இருக்க வேண்டும். அதாவது 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களை அது தடுக்கும். கண்ணாடிக் கடையில் அதற்கான கருவி இருந்தால் ஒரு நிமிடத்தில் சோதித்துத் தருவார்கள்.

அதற்காக லீவு முழுக்கப் பிள்ளைகளை அறைக்குள் பூட்டி, கையில் செல்போனைக் கொடுத்துவிடாதீர்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறையும். ஏசி காற்றும் சேர்ந்தால் கண் வறண்டு எரியும். தினமும் சுமார் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. காலை பத்துக்கு முன், மாலை நாலுக்குப் பின் என்று நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் போதும். நீச்சல் குளத்துக்குப் போனால் நீச்சல் கண்ணாடி போடட்டும். கான்டாக்ட் லென்ஸோடு தண்ணீரில் இறங்கக் கூடாது.

சுண்ணாம்பு பட்டால்

லீவுக்குப் பாட்டி ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்காக ஒரு எச்சரிக்கை. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை அமுக்கி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிக்கும். சுண்ணாம்பு காரம், கருவிழியை அரித்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் குழாயடிக்கு ஓடுங்கள். தலையைச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் தண்ணீர் ஓட விடுங்கள். இமைக்குள் ஒட்டிய துகளும் வெளியே வர வேண்டும். பிறகு வண்டி பிடிக்கலாம்.

அன்று மருத்துவரிடமிருந்து திரும்பியதும் அக்கா ஃபிரிட்ஜ் கதவுத் தட்டைக் காலி செய்தாள். திறந்து ஒரு மாதம் தாண்டிய சொட்டு மருந்து எதுவும் மிஞ்சவில்லை. மூன்று குப்பிகள் குப்பைக்குப் போயின. அந்த இடத்தில் இப்போது ஒரு டப்பா இருக்கிறது. உள்ளே நனைத்து மடித்த வெள்ளைத் துணி நான்கு. போன வாரம் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது பையனின் கை மெதுவாகக் கண்ணை நோக்கி ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பாதி வழியில் நிறுத்தி, "இருங்க சித்தி, துணி எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனான்.