பொத்தமோஸ்: ஒரு சொல்லாய்வு

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ஆற்றினைக் குறிக்க வழங்கும் சொல் பொத்தமோஸ் என்பதாகும். ஆறுகளுக்கு இடைப்பட்ட நாடு எனப் பொருள்படும் மெசப்பொத்தேமியா என்னும் பெயரிலும் இச்சொல் பயில்கின்றது. இற்றை ஆய்வாளர் கொள்ளும் மூலபாடத்தின்படி இது 17 இடங்களில் வருகின்றது. அவற்றுள் 8 திருவெளிப்பாட்டில் உள்ளன. எல்லா இடத்தும் பொருள் ஒன்றுதானா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

மாற்கு 1:5 யோர்தானையும், திருவெளிப்பாடு 9:14 யூப்பிரத்தீசையும் இச்சொல்லாற் சுட்டுகின்றன. இவை என்றும் நீர் வற்றாத பேராறுகள். யோவான் 7:38-இல் வரும் உயிருள்ள நீரின் ஆறுகளோ உருவகமாம். இவ்விடங்களில் ஐயமில்லை.

ஐயம் எழுமிடம் மத்தேயு 7:25, 27. மணல்மேல் வீடு கட்டியவன் உவமையில், மழை பெய்தது, 'ஆறுகள் வந்தன' எனப் பன்மையிற் கூறப்படுகின்றது. முன்பு இல்லாதது மழைக்குப்பின் வந்தது என்பது இதனாற் பெறப்படும். பாலத்தீனத்தில் மழை குளிர்காலத்திற்கு உரியது. கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைகள் அப்போது திடீரெனப் பெருக்கெடுக்கும். ஆகவே ஈண்டுப் பொத்தமோஸ் என்பது காட்டாற்று வெள்ளமே.

இத்தகைய ஓடைக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் இல்லையோ எனின், உண்டு. குளிர்காலத்து ஓடுவது என்னும் பொருளுடைய கெய்மர்ரோஸ் என்பதே அது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பழைய ஏற்பாட்டுக் கிரேக்க மொழிபெயர்ப்பு, எபிரேய நாஹார் என்பதனைப் பெரும்பாலும் பொத்தமோஸ் எனவும், நஹல் என்பதனைப் பலவிடத்துக் கெய்மர்ரோஸ் எனவும் பெயர்த்தது. புதிய ஏற்பாட்டிலோ கெய்மர்ரோஸ் ஒரேயொருமுறை, யோவான் 18:1-இல், கெதரோனுக்கு வருகின்றது. எனவே, பொத்தமோஸ் தன் எல்லையைக் கடந்து வெள்ளத்தையும் தழுவிற்று எனல் பொருந்தும்.

இவ்வேறுபாடு உவமையின் கருத்தையே தொடுகின்றது. வற்றாத ஆறெனக் கொள்ளின், அறிவிலான் கண்முன் ஓடும் ஆற்றைக் கண்டும் அதனருகே கட்டினான் என்றாகும். வெள்ளமெனக் கொள்ளின், வறண்ட நிலத்தை நம்பி, வரவிருப்பதை எண்ணாது கட்டினான் என்றாகும். பின்னதே உவமைக்கு ஏற்புடைத்து.

தமிழில் பெரிதும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இவ்வுவமையிற் பெருவெள்ளம் என்றும், கெதரோனை ஆறு என்றும் கூறுகின்றது. முன்னது இடம் நோக்கிய நல்ல தெரிவு. பின்னதில் ஓடையின் இயல்பு புலப்படவில்லை. அகராதி ஒரு பொருளே தரினும், சொல்லின் பொருளை உறுதி செய்வது அது நின்ற இடமே என்பது இதனால் விளங்கும்.