கான்கிரீட் அடுக்குமாடி எத்தனை காலம் தாங்கும்?

திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று ரயில் பாதை நெடுக அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்துவிட்டன. வாரிய வீடோ, தொழிற்சாலைக் குடியிருப்போ, வாடகை வீடோ, அதில் நீங்கள் குடியிருந்தால் இது உங்களுக்காக.

இப்படிக் கான்கிரீட்டில் மொத்தமாக வீடு கட்டும் வழக்கம் எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் வீடிழந்து நின்றார்கள். வீடுகள் வேகமாகவும் மலிவாகவும் தேவைப்பட்டன. சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியே, பிரான்சின் மார்செய் நகரில் 337 வீடுகள் கொண்ட அடுக்குமாடியை 1952-ல் கட்டி முடித்தார். அதற்கு மேற்பூச்சே கிடையாது. சென்ட்ரிங் பலகையின் மரவரிகூட சுவரில் பதிந்திருக்கும். இந்தப் போக்கு புரூட்டலிசம் (கான்கிரீட்டைப் பூசி மறைக்காமல் காட்டும் கட்டடப் பாணி) என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

நம் ஊர் வாரிய வீடுகளும் அந்த வகையா?

பாணியில் இல்லை, இவற்றுக்குப் பூச்சும் வண்ணமும் உண்டு. நோக்கம் ஒன்றுதான். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) கான்கிரீட் தளம் போட்டு, ஒரே அளவு வீடுகளை அடுக்கடுக்காகக் கட்டியது. குறைந்த இடத்தில் நிறையக் குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது. அதே சமயம், ஒரு தூண் பழுதானால் அத்தனை குடும்பங்களுக்கும் ஆபத்து.

கான்கிரீட் என்றால் காலத்துக்கும் நிற்காதா?

பராமரித்தால் நிற்கும். லண்டனில் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்த இரண்டு கான்கிரீட் குடியிருப்புகளைப் பாருங்கள். தொடர்ந்து பராமரிக்கப்பட்ட பார்பிகன், 2001-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. 1972-ல் முடிந்த ராபின் ஹூட் கார்டன்ஸ் கவனிப்பு குறைந்து சீரழிந்தது. 2017-ல் இடிக்கத் தொடங்கினார்கள்.

நம் பக்கத்திலும் பாடம் இருக்கிறது. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூரில், அரிவாக்குளம் வாரியக் குடியிருப்பு 1993-ல் கட்டப்பட்டது. 2021 டிசம்பர் 27 அன்று அதில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறிவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

விரிசலுக்கும் கடற்காற்றுக்கும் என்ன தொடர்பு?

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு உப்பும் ஈரமும் எட்டினால் துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அதனால்தான் மூடல் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் கனம்) சாதாரண இடத்தில் 20 மி.மீ. போதும் என்றும், கடற்கரைச் சூழலில் 45 மி.மீ. வேண்டும் என்றும் இந்தியத் தர விதி சொல்கிறது. கம்பி கட்டும்போது அடியில் வைக்கும் கவர் பிளாக் இதற்குத்தான். அதைத் தவிர்த்தால் வீட்டின் ஆயுள் குறையும்.

என் வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

கழிவறைக் கூரை, சன்ஷேடின் அடிப்பக்கம், மொட்டைமாடித் தளம், தூண்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? கம்பி ஓடும் திசையில் பழுப்புக் கறை நீள்கிறதா? தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறதா? மூன்றுமே துருவின் அடையாளங்கள்.

பூச்சில் மட்டும் உள்ள மயிரிழை விரிசல் பெரும்பாலும் ஆபத்தில்லை. வளர்கிறதா என்று அறிய, விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரங்களில் விரிசல் கோட்டைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சிமெண்ட் பூசி மூடினால் போதாதா?

போதாது. உள்ளே துரு தொடரும். முதலில் நீர்க்கசிவை நிறுத்த வேண்டும். பிறகு உதிரும் கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூசி, அதற்கான கலவையால் அடைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். இடம் போதவில்லை என்று சுவரை இடிக்காதீர்கள்.

வாரிய வீடாக இருந்தால்?

பக்கத்து வீட்டார்களோடு சேர்ந்து, படங்களை இணைத்து, எழுத்தில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒதுக்கீட்டு ஆணையும் பணம் கட்டிய ரசீதுகளும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாற்று வீடு கேட்கும்போது அவைதான் சான்று.

ஆனால் தூணிலோ உத்திரத்திலோ விரிசல் கண்ணெதிரே அகன்றால், மனு பிறகு எழுதலாம். முதலில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.