பள்ளியில் தீவிர அலர்ஜி: மாத்திரை கொடுத்துக் காத்திருக்கலாமா?

லன்ச் டைமில் டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடாத பிள்ளைகள் உண்டா? ஆனால் வேர்க்கடலை, பால், முட்டை, முந்திரி என ஏதாவது ஒன்றில் தீவிர அலர்ஜி உள்ள குழந்தைக்கு, நண்பன் தரும் ஒரு வாய் சட்னி சாதமே ஆபத்தாகலாம்.

எப்போது உஷாராகணும்?

தடிப்பு, அரிப்போடு நிற்காமல் குரல் கரகரப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் அது அனாஃபிலாக்சிஸ். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

எது முதல் மருந்து?

செட்ரிசின் போன்ற மாத்திரை அரிப்பைக் குறைக்கும். மூச்சுத்திணறலையோ ரத்த அழுத்தம் சரிவதையோ தடுக்காது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அடுத்து 108. குழந்தையை நடக்க வைக்காமல் படுக்க வைத்து, கால்களை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வைக்கலாம். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி தேவைப்படும். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகணும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பலாம்.

பெற்றோர் என்ன செய்யணும்?

பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் பள்ளிகளே மருந்துச்சீட்டு இல்லாமல் அட்ரினலின் பேனா வாங்கி வைக்கலாம். இங்கே அந்தப் பேனா எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலும் ஆம்பூலும் சிரிஞ்சும்தான். அதனால் அறிகுறிகள், மருந்தளவு, போன் நம்பர் எல்லாம் உள்ள ஒரு பக்கத் திட்டத்தை டாக்டரிடம் எழுதி வாங்கி, குழந்தையின் போட்டோவோடு பள்ளியில் கொடுங்கள். ஊசி போடப் பயிற்சி பெற்ற இருவராவது அங்கே இருக்கணும். மருந்து பூட்டிய அலமாரியில் இருக்கக் கூடாது. பி.டி. மாஸ்டருக்கும் வேன் டிரைவருக்கும் விஷயம் தெரியணும்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க் பற்றிப் பேசும் முன் இதைக் கேளுங்கள்: "மிஸ், ஊசி எங்கே இருக்கு? நீங்க லீவுன்னா யார் போடுவாங்க?"