உங்களுக்குத் தெரியுமா? கடல் நடுவே நன்னீர் குடிக்கும் இன்ஜின்

★ விசைப்படகின் டீசல் இன்ஜின் எரிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பல்லரைச் சுழற்றுகிறது. மீதி பெரும்பாலும் வெப்பமாகவே போகிறது. லாரி என்றால் ரேடியேட்டரில் காற்று மோதிச் சூட்டை இறக்கிவிடும். படகின் அடித்தளத்தில் அந்தக் காற்று இல்லை. சுற்றிலும் இருப்பது கடல். சூட்டைக் கடல்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் உப்புநீர் இன்ஜினைத் தொடக்கூடாது.

★ அதற்காக இரண்டு நீரோட்டங்கள். கூலன்ட் கலந்த நன்னீர் இன்ஜினுக்கும் வெப்பமாற்றிக்கும் இடையே சுற்றிச் சுற்றி வரும். கடல்நீரோ படகின் அடியிலுள்ள வால்வு வழியே ஏறி, வடிகட்டியைக் கடந்து, வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி வெளியேறும். குழாய்ச் சுவர் சூட்டை மட்டும் கடத்தும். இரண்டு நீரும் கலப்பதே இல்லை.

★ டீசல் இன்ஜின் பிறக்கும் முன்பே இந்த யோசனை கடலில் ஓடிவிட்டது. 1838 ஏப்ரலில் நீராவியின் பலத்தில் அட்லான்டிக்கைக் கடந்து நியூயார்க்கை அடைந்த 'சிரியஸ்' கப்பலில், பொறியாளர் சாமுவேல் ஹால் 1834இல் காப்புரிமை பெற்ற கண்டென்சர் இருந்தது. கடல்நீர் வெளியே நின்று நீராவியைக் குளிர்விக்கும். திரும்ப நீரான நன்னீர் கொதிகலனுக்கே போய்விடும்.

★ கடல்நீரை நேராக உள்ளே விடும் இன்ஜின்களும் உண்டு. அவற்றைப் பொதுவாக 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக விடுவதில்லை. கடல்நீரிலுள்ள சில கால்சியம் உப்புகள் சூடு ஏற ஏறக் கரையாமல் பிரிந்து, சுவரில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். 'குளிர்ச்சியாக ஓடினால் நல்லதுதானே' என்று தோன்றும். இல்லை. எரிபொருள் சரியாக எரியாது, ஈரமும் அமிலமும் ஆயிலில் சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். நன்னீர் சுற்றும் மூடிய அமைப்பில் 80 டிகிரியைத் தொட்டு ஓடலாம். அதன் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

★ நீரை உறையவிடாமல் காக்கும் கூலன்ட், பனியே விழாத ஊரில் எதற்கு? துருவைத் தடுக்கும் ரசாயனங்கள் அதில் இருக்கின்றன, அதற்காக. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்டைவிடக் கெட்டி. ஆனால் இரும்பை அரித்துவிடும்.

★ இவ்வளவு பெரிய இன்ஜினின் உயிர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரத்தில் இருக்கிறது. கடல்நீர் பம்ப்பின் இம்பெல்லர் அது. அதன் இதழ்கள் வளைந்து நிமிர்ந்து நீரை இழுக்கின்றன. அந்த நீரே அவற்றுக்கு மசகும்கூட. வால்வைத் திறக்க மறந்து இன்ஜினை ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் கருகிவிடும். இதழ் உடைந்தால் புதிய இம்பெல்லரை மாட்டியதோடு வேலை முடிந்துவிடாது. உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் தேடி எடுக்க வேண்டும். ஒரு துண்டு வெப்பமாற்றியின் வாயில் சிக்கினாலும் நீரோட்டம் குறையும், இன்ஜின் சூடேறும். கடல்நீர் புகையோடு வெளியேறும் படகுகளில், ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். வெப்பமானியின் முள் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது.

★ வெப்பமாற்றிகள் பலவற்றில் சிறு துத்தநாகத் துண்டு ஒன்று திருகப்பட்டிருக்கும். உப்புநீர் அதை முதலில் தின்னும். மற்ற உலோகம் தப்பும். இந்த வழியைக் காட்டியவர் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி. 1824இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் பதித்த செப்புத் தகட்டைக் காக்க அவர் இரும்பையும் துத்தநாகத்தையும் பொருத்தினார். செம்பு அரிபடவில்லை, ஆனால் அது கரைந்து நஞ்சாவதும் நின்றதால் கடல் சிப்பிகள் அடியில் அப்பிக்கொண்டன!

★ சூட்டை வாங்கிய கடல்நீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பல படகுகளில் அது புகையோடு கலந்து வெளியேறுவதால் புகைக்குழாயை ரப்பரிலேயே செய்ய முடிகிறது. இன்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்றினால் ஆபத்து: தள்ளிவிடப் புகை இல்லாமல் நீர் சைலன்சரில் தேங்கி, சிலிண்டர் வரைக்கும் ஏறலாம். அப்படிப்பட்ட நேரத்தில் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயல்வார்கள். பிடித்த கணமே திறந்துவிட வேண்டும்.

★ வெளிநீரை உள்ளே இழுக்காத படகுகளும் உண்டு. இங்கிலாந்தின் கால்வாய்களில் சேறும் பாசியும் அதிகம். அங்கே ஓடும் ஒடுங்கிய எஃகுப் படகுகளில் கூலன்ட், படகின் பக்கச்சுவரை ஒட்டிய தொட்டிக்குள் சுற்றுகிறது. எஃகுத் தகடு வழியே சூடு கால்வாய்க்குப் போய்விடுகிறது.