ஓயாத பசியும் மன அழுத்தமும்

“சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை, அதற்குள் பசிக்கிறது. பிள்ளைகள் உறங்கிய பிறகு பாணோ பிஸ்கற்றோ அகப்பட்டதைச் சாப்பிடாமல் இருக்க முடியவில்லை.” இப்படிச் சொல்லும் பெண்கள் பலர், தமக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். இது குணக்குறை அல்ல. உடல் தரும் செய்திகளை விளங்கிக்கொண்டால் இதற்கு வழி உண்டு.

பசி எப்படி எழுகிறது?

வயிறு வெறுமையாக இருக்கும்போது கிரெலின் என்ற ஹோர்மோன் சுரந்து, சாப்பிடும்படி மூளைக்குச் சொல்கிறது. சாப்பிட்ட பின் குடலில் சுரக்கும் வேறு ஹோர்மோன்கள் “போதும்” என்கின்றன. புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவு இந்தத் திருப்தியை நீடிக்கச் செய்யும். பாண், கோதுமை மா ரொட்டி, சீனித் தேநீர் என்பன விரைவாகச் சமிபாடடைந்து இரத்தத்தில் குளுக்கோசைச் சடுதியாகக் கூட்டுகின்றன. அதனைக் குறைக்க இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. சிலருக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் குளுக்கோசு இறங்கி, மீண்டும் பசி வருகிறது. மாப்பொருளைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டிச் சாப்பிடுபவர்கள் பலருக்குப் பசி தணிந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

கவலையும் உணவும்

கவலையும் பயமும் நீடிக்கும்போது, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் கோட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கின்றன. அது இனிப்பிலும் எண்ணெய்ப் பலகாரத்திலும் ஆசையைத் தூண்டும். நித்திரை குறைந்தாலும் பசி கூடும். காணாமற்போனவரைத் தேடி அலையும் தாய்க்கும், தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கும் இவை இரண்டும் சேர்ந்தே வருகின்றன. போர்க்காலத்தில் நிவாரணமாகக் கிடைத்த அரிசி, மா, பருப்பு, சீனி என்பனவே பலரின் உயிரைக் காத்தன. இன்றும் குறைந்த செலவில் வயிற்றை நிரப்புபவை மாவும் சீனியும்தான். எனவே உங்களைக் குறை சொல்லாதீர்கள்.

என்ன செய்யலாம்?

சோற்றை அடியோடு விடத் தேவையில்லை. தட்டில் அரைப்பங்கு மரக்கறியும் கீரையும், கால்பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, கௌபி இவற்றில் ஒன்று, மிகுதிக் கால்பங்கு சோறு அல்லது பிட்டு என்று வையுங்கள். கறியையும் கீரையையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைப் பின்னர் சாப்பிட்டால் குளுக்கோசு மெதுவாகவே ஏறும். முருங்கையிலை, வல்லாரை, நெத்தலி, அவித்த கச்சான் என்பன நல்ல துணை.

காலையில் வெறும் தேநீருடன் வேலைக்குப் போகாதீர்கள். அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் மதியம்வரை தாங்கும். ஒரு நாளில் 5 தேநீர், ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டி சீனி என்றால் மொத்தம் 10 தேக்கரண்டி. 6 தேக்கரண்டிக்குக் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள்.

இரவில் மனம் உணவைத் தேடும்போது, ஒரு கோப்பை தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். மெல்ல மெல்ல வரும் பசி உடலின் பசி. திடீரென வந்து இனிப்பை மட்டும் கேட்பது பெரும்பாலும் மனதின் பசி. உடலின் பசி என்றால் சாப்பிடுங்கள், பட்டினி கிடக்க வேண்டாம். பட்டினியை அனுபவித்த பெண்ணுக்குக் கடும் கட்டுப்பாடு பழைய பயத்தைக் கிளறிவிடக்கூடும்.

கவனம்

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக நோயாளர் ஆகியோர் வைத்தியரிடம் கேட்காமல் சோற்றையோ மாப்பொருளையோ குறைக்கக்கூடாது. 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் இரத்தச் சீனியையும் அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

துயரத்தினால் வரும் பசியை உணவு மட்டும் ஆற்றாது. நம்பிக்கையான ஒரு சகோதரியிடம் பேசுங்கள். அழுகையும் நித்திரையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறி, வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடும் நீங்கள், உங்களுக்கும் ஒரு முட்டையை எடுத்து வையுங்கள்.